மூடட்டும் என்றாள் சின்னத்தாய்

திருப்பூர் வீரபாண்டியில் இருக்கிற அந்தப் பனியன் கம்பெனிக்கு யார் கேள்வி கேட்க வந்தாலும், கேள்விக்கு முந்தியே பதில் வந்துவிடும். வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு வந்தால் குடிதண்ணீர் நல்லா இருக்குது, ஓவர்டைம் கட்டாயமில்லை, சூப்பர்வைசர் தங்கமானவர். கடைசிப் பதிலைச் சொல்லும்போது மட்டும் சிரித்துவிடக் கூடாது. இந்தத் தடவை கேள்வி வேறு. நிலக்கரியில் கரண்ட் எடுக்கிற அனல்மின் நிலையங்களைப் படிப்படியாக மூடிவிடலாமா என்று ஜனங்களிடம் கருத்துக் கேட்க கோயமுத்தூரிலிருந்து ஒரு அமைப்பு வருகிறதாம்.

மேனேஜர் சென்னியப்பன் காலையிலேயே எல்லாரையும் கூட்டி நிறுத்தினார். "ஏனுங்க, நம்ம சரக்கு வாங்கறவங்களுக்கு நிலக்கரின்னாலே ஆகாதுங்க. அதனால மூடலாமான்னு கேட்டா, மூடலாமுங்கன்னு சொல்லிப் போடுங்க. உடுமலைப் பக்கம் கரண்ட் எடுக்கற காத்தாடி சுத்துது, அது போதும்னு ஒரு வார்த்தை சேர்த்துக்குங்க. அவ்வளவுதானுங்க."

போன வாரம் கரண்ட் நின்று மிஷினெல்லாம் படுத்துக் கிடந்தபோது, "காத்தாடியை நம்பி எவன் கம்பெனி நடத்துவான்?" என்று கத்தியவரும் இதே மனுஷர்தான். அதை யார் அவருக்கு ஞாபகப்படுத்துவது? டீ நேரத்தில் ஆளுக்கொன்று பேசிக்கொண்டார்கள். மூடினால் கரண்ட் பில் எகிறும் என்றார் ஒருவர். அந்தப் புகையை எத்தனை காலம் தின்பது என்றார் இன்னொருவர். நம்மைக் கேட்டா மூடப் போகிறார்கள், போய் வேலையைப் பாருங்கப்பா என்றார் மூன்றாமவர். பெரும்பாலோர் கருத்து அதுதான்.

செக்கிங் டேபிளில் பனியனை விரித்து ஓட்டை, கறை பார்க்கிற சின்னத்தாய்க்கு மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் புருஷன் இசக்கிமுத்து தெற்கே கடற்கரையோரம் ஒரு அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் ஆள். சாம்பல் அள்ளுகிற பக்கம் வேலை. மகள் ஜோதிகா ஒண்ணாப்பு படிக்கும்போது அவளைக் கையில் பிடித்துக்கொண்டு சின்னத்தாய் திருப்பூருக்கு வந்தாள். இப்போது அந்தப் பிள்ளை ஒன்பதாவது. இசக்கிமுத்து கூட வரவில்லை. அடுத்த வருஷம் பெர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள் என்றார். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து, ராத்திரியெல்லாம் இருமிவிட்டு, திரும்பப் போய்விடுவார்.

அந்த நிலையத்தை இழுத்து மூடினால் மனுஷன் வேறு எங்கே போவார்? இங்கேதானே வரணும்! இந்த ஆசையை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால், புருஷன் பொழப்பில் மண்ணள்ளிப் போடப் பார்க்கிறாள் என்பார்கள்.

கருத்துக் கேட்க வந்த பெண்ணுக்கு யாழினி என்று பெயர். கேண்டீனில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எல்லாரும் ஒரே பதிலை ஒப்பித்ததில், சின்னத்தாய் முறை வரும்போது பாவம், யாழினி முகம் வாடிப்போயிருந்தது.

"அக்கா, நீங்களும் காத்தாடி சுத்துதுன்னுதான் சொல்லப் போறீங்களா?"

"காத்தாடியெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. மூடட்டும். எங்க வீட்டுக்காரரு அந்த மாதிரி ஒரு எடத்துலதான் வேலை பாக்காரு."

யாழினி நிமிர்ந்து பார்த்தாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பயப்படாதீங்கக்கா. உங்க பேரு எங்கயும் வராதுங்க. அவங்க சொல்லிக் குடுத்ததை விட்டுப் போட்டு, உங்க மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."

"இதுதான் மனசுல இருக்கு."

"மூடினா அவரு வேலை போயிருமேங்க்கா. கட்டாயத்துல சொல்றீங்கன்னு எனக்குத் தெரியுது. கருத்து இல்லைன்னு போட்டுக்கறேனுங்க."

சின்னத்தாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு உண்மையைச் சொன்னால், அதை இல்லை என்று எழுதுகிறாளே!

"யாருக்கு கருத்து இல்ல? அவரு ஒரு ஊர்ல, நாங்க ஒரு ஊர்ல. பிள்ளை பெரியவளானதுக்கு அப்பன் போன்ல வாழ்த்துச் சொன்னாரு. எந்நேரமும் இருமலு. அந்த வேலை போனா எனக்கு என்ன? போனாத்தான் மனுஷன் வீடு வந்து சேருவாரு. மூடணும். எழுது!"

யாழினி எழுதினாள். எழுதிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "இதை அவருகிட்டச் சொல்லிருக்கீங்களாங்க்கா?"

"பெர்மனென்ட், பெர்மனென்ட்னு உசிரைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற மனுஷங்கிட்ட எந்த வாயால சொல்ல?" என்று எழுந்து வந்துவிட்டாள்.

வந்தாளே தவிர, முன்னால் கிடந்த பனியனில் கண் நிற்கவில்லை. ஊர் பேர் தெரியாத பிள்ளையிடம் கொட்டியதை, கட்டின புருஷனிடம் சொல்ல வாய் வரவில்லையே என்று தன் மேலேயே எரிச்சலாக வந்தது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்து போன் போட்டாள்.

"என்ன, சாப்பிட்டியா?" என்றார் இசக்கிமுத்து. உடனே இருமல்.

"இங்க ஒரு பிள்ளை வந்து அனல்மின் நிலையத்தையெல்லாம் மூடலாமான்னு கேட்டுச்சு. மூடட்டும்னு சொல்லிட்டேன்."

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? மூடினா நான் எங்க போவேன்?"

"இங்க வாங்க."

அந்தப் பக்கம் அவர் இருமித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இத்தனை வருஷத்துல இப்பத்தான் வான்னு ஒரு சொல்லு சொல்லியிருக்க," என்றார் அவர். "எப்பக் கேட்டாலும், நாங்க நல்லாத்தான் இருக்கோம், நீங்க அங்கனயே இருங்கன்னுதான சொன்ன? பெர்மனென்ட் ஆவாதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். அங்க உங்களுக்கு நான் தேவைப்படல போலன்னு இருந்துட்டேன்."

அவர் மனசு நோகக் கூடாது என்று சின்னத்தாய் சொன்ன வார்த்தையைத்தான் அவர் இத்தனை வருஷம் அங்கே வைத்து நொந்துகொண்டிருந்திருக்கிறார். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. படியிறங்கிப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"படுபாவி மனுஷா! அதை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று போனுக்குள் கத்தினாள். "அவனுக மூடுறப்ப மூடட்டும். நீங்க இன்னைக்கே கிளம்புங்க."