ஆறாத டீ

சோபா ரிப்பேர்காரனுக்குக் காதல் வந்தால் என்ன செய்வான்? பஞ்சு வைப்பான். வேறென்ன தெரியும் அவனுக்கு!

அவன் கடைக்கு நேர் எதிரே பெரிய கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கிரேன் ஓட்டுகிறவள் ஒரு பெண். காலையில் ஏணியில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். நடுவில் தொண்டையை நனைக்க ஒரு சூடு தாங்கும் மக் வைத்திருந்தாள். பேருக்குத்தான் அது சூடு தாங்கும். இரண்டு லோடு தூக்குவதற்குள் டீ பச்சைத் தண்ணீராகிவிடும். கிரேன் சீட் கிழிந்து அதைத் தைக்கக் கொண்டுவந்த அன்று, போகிறபோக்கில் இந்தக் குறையையும் சொல்லிவைத்தாள்.

"மக்கைக் குடுத்துட்டுப் போங்க, பாக்கறேன்" என்றான். அவ்வளவுதான், ஆள் கவிழ்ந்தான்.

மூடி லொடலொடவென்று ஆடியது. பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு வளையம் வெட்டி உள்ளே திணித்தான்.

"ஏணி ஏறறப்ப ஒரு சொட்டுகூடச் சிந்தலங்க!" என்று மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தாள். அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியுமா? கிரேன் அதிரும்போது மக் வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் வட்டம் ஒட்டினான். தோளில் மாட்ட வார் தைத்தான். டீ ஊற்றுவதற்கு முன்னால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மக்கைச் சூடாக்கிக் கொட்டிவிடச் சொன்னான். டீ இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியது. அவளும் தினம் வந்தாள்.

தினம் இவன் மனசுக்குள் ஒத்திகை பார்ப்பான், இன்றைக்குச் சொல்லியே தீர்வதென்று. அவள் வந்து நின்றதும், "வளையம் சரியா உக்காந்திருக்கா?" என்பான்.

கடையில் தையல் மெஷினில் இருந்த அவன் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "டேய், அந்த மூடியை இறுக்கினது போதும். உன் வாய் மூடியை எப்ப தொறக்கப் போற?"

"சொல்றேன்க்கா, சொல்றேன்."

"கிழிச்ச!"

ஒரு சாயங்காலம் அவளே சொன்னாள். "நாளையோட இங்க வேலை முடியுதுங்க. கிரேனைப் பிரிச்சு வேற ஊருக்குக் கொண்டு போறாங்க. நானும் கூடவே போகணும்."

இப்போது விட்டால் இனி எப்போது? வாயைத் திறந்தான்.

"மக்கைக் குடுங்க" என்றான்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் போனதும் வெறி பிடித்தாற்போல் வேலையில் இறங்கினான். சமையலறையிலிருந்து அலுமினியத் தாளை எடுத்து, பளபளப்பு உள்ளே பார்க்கும்படி மக்கைச் சுற்றினான். அதன்மேல் கம்பளித் துணி. அதன்மேல் ஃபோம். ஆசை யாரை விட்டது? அதன்மேல் இன்னொரு ஃபோம். மூடிக்கும் ஒரு ஃபோம் குல்லா. எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு ரெக்சின் போட்டு, சோபாவுக்குப் பதிக்கிற மாதிரி வரிசையாகப் பொத்தானும் பதித்தான்.

"இதுல ஒரு பூனை படுத்துத் தூங்கலாம்டா" என்றாள் அக்கா.

அவன் கணக்கு வேறு. உச்சியில் உட்கார்ந்து சுடச்சுட ஒரு வாய் குடிப்பாள், தன் மனசு அவளுக்குத் தானாகவே புரிந்துவிடும் என்று நம்பினான். பைத்தியக்காரன்!

மறுநாள் காலை மக்கை வாங்கிக்கொண்டு போனவள், மதியம் விறுவிறுவென்று சாலையைக் கடந்து வந்தாள். அக்குளில் அந்தச் சிவப்பு மூட்டை. இவன் பல்லெல்லாம் தெரிய எழுந்து நின்றான்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? காலையில வாய் வச்சேன், நாக்கு வெந்துபோச்சு. அப்புறம் வச்சேன், மறுபடியும் வெந்துபோச்சு. இதோ, இப்பவும் ஆவி பறக்குது! ஒரு வாய் டீ குடிக்கலங்க நான்!"

அவன் முகம் செத்துப்போயிற்று. "நாளைக்கு ஒரு ஃபோமை எடுத்துடறேன்" என்று முனகினான்.

"நாளைக்கு நான் எங்க இருப்பேன்?"

அக்காவின் மெஷின்கூட நின்றுவிட்டது.

அவள் பெருமூச்சு விட்டு, பாதி தைத்திருந்த சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். "ரெண்டு டம்ளர் குடுங்க. பிரிச்சு ஊத்தினாதான் ஆறும்."

ஊற்றினாள். ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு ஊதினார்கள். அவள் அவனைப் பார்க்காமல், டம்ளரைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் போற ஊர்ல எல்லாம் சோபா கிழியாதா?"

"ஏன் கிழியாது? ரெக்சின் எந்த ஊர்லயும் ஓரத்துலதான் முதல்ல விடும். மலிவு ரெக்சினா இருந்தா..."

"டேய்ய்!" என்று அக்கா கத்தினாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. உறைத்ததும் மடை திறந்தது. "நானும் வரட்டுமா? கல்யாணம் பண்ணிக்கிட்டு வரட்டுமா? இல்ல வந்துட்டுப் பண்ணிக்கலாமா? என் தையல் சாமான் ஒரே ஒரு பெட்டிதாங்க. முதல் நாளே சொல்லணும்னு இருந்தேன். அந்த வளையம் வெட்டறப்பவே..."

"முதல்ல டீயைக் குடிங்க" என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல்.

ஒரே மடக்கில் குடித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெந்த நாக்கை வெளியே நீட்டிக் கையால் விசிறிக்கொண்டே கேட்டான்.

"எப்பக் கிளம்பறோம்?"