நாலு விரல் உயரம்

ஆறுமுகச்சாமியின் சேலைக் கம்பெனிக்கு வந்த ஏழு மேக் கணினிகளும் மேசையைத் தொடாமல் நாலு விரல் உயரத்தில் நின்றன. அந்த வருடம் சங்கரன்கோவில் சந்தையில் பிச்சிப்பூ விலை இறங்கியிருந்தது, மழையும் பரவாயில்லை. பெட்டியைப் பிரித்தவர்கள் அடியில் கண்ணாடித் தாங்கல் ஏதும் உண்டா என்று தடவிப் பார்த்தார்கள். கூட்டித் துடைக்கிற கோமதித்தாய் மட்டும் ஈரத்துணியை அடியில் விட்டு ஒரே இழுப்பாக இழுத்து, "தூக்கி வச்சித் துடைக்கித வேல மிச்சம்" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சிக்கல் டைரக்டரியால் வந்தது. ஆபீஸின் மற்றக் கணினிகள் எல்லாம் விண்டோஸ். யார் நம் ஆள், யாருக்கு எந்தக் கதவு திறக்கலாம் என்பது சர்வர் அறையில் இருந்த டைரக்டரிக்குத்தான் தெரியும். பிரிண்டர்கூட அதைக் கேட்டுத்தான் தாள் தள்ளும். வேறு கம்பெனியின் பிள்ளைகளான மேக்குகளை அது கண்டுகொள்ளவில்லை. சிங்கப்பூரில் சேலை வாங்குகிறவர்கள் பொங்கல் கழிந்து ஆடிட்டரை அனுப்புவதாகவும், டைரக்டரியின் கட்டுக்கு வெளியே ஒரு கணினியும் இருக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆறுமுகச்சாமி, கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஜெனிபாவைக் கூப்பிட்டார். "ஏம்மா, நம்ம ஆளுன்னு பேரு இல்லாத பெட்டிக்கு நம்ம கரண்டு எதுக்கு? உள்ள வந்தா வரட்டும். இல்லன்னா டிசைன் ரூமப் பூட்டிட்டு சூரத்துல படம் வாங்கிக்கிடுவோம்." டிசைன் அறையைப் பூட்டினால் கடையநல்லூரிலிருந்து தினம் பஸ்ஸில் வரும் கதீஜம்மாளுக்கு வேலை இல்லை. முந்தானைக்குப் பூ வரைவதில் இந்தப் பக்கம் அவளுக்கு இணையாக ஆள் கிடையாது.

ஜெனிபா வழக்கமான முறையில் அவற்றை டைரக்டரியோடு பிணைத்தாள். ஏழும் ஒன்றன்பின் ஒன்றாக மேசைமேல் தொப்பென்று உட்கார்ந்தன. ஆறுமுகச்சாமி எல்லாருக்கும் பால்கோவா வாங்கித் தந்தார். ஆனால் அன்றிலிருந்து கதீஜம்மாள் காலையில் வரையும் பூக்கள் சாயங்காலத்துக்குள் திரையிலேயே வாடின. காம்பு தொங்கி, இதழ் கருகி, அச்சடித்தால் அந்தக் கருகலும் சேர்ந்தே விழுந்தது. "ஏட்டி ஜெனிபா, பூவுக்கு மூச்சு முட்டுதுட்டி" என்றாள் கதீஜம்மாள். "நீ கீழ எறக்குனது பொட்டிய இல்ல, என்னைய." வாரம் முடிவதற்குள் ஏழும் பிணைப்பை அறுத்துக்கொண்டு பழைய உயரத்துக்கு ஏறிவிட்டன. மறுபடி பிணைத்தாள். மறுபடி ஏறின. மார்கழி முழுக்க இதுவே நடந்தது.

ஜெனிபா கோபப்படவில்லை என்பதைத்தான் ஆபீஸில் வியந்து பேசினார்கள். கோபப்பட அவளால் முடியவில்லை. இறக்கி வைக்கப்பட்ட கணினியின் முன் உட்காரும்போதெல்லாம், குருவிகுளத்தில் கல்யாணமான முதல் மாதம் நெஞ்சில் வந்து உட்கார்ந்த பாரம் திரும்ப வந்தது. புருஷன் இசக்கித்துரை வீட்டில் யாரும் அவளைக் கடிந்து பேசவில்லை. அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் முன்வரிசையில் நிறுத்தினார்கள், நெற்றியில் திருநீறு பூசினார்கள், அவள் பேரைக்கூட ஜெயா என்று ஆசையாகச் சுருக்கினார்கள். அவளும் சிரித்துக்கொண்டே நின்றாள். ஆனால் அந்த மாதம் அவளுக்குப் பாட்டு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. மாதா கோவில் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்து பாடியவளுக்கு.

ஆடிட்டர் வருவதற்கு முந்தின வாரம், வேலையில் மூழ்கி அவள் பஸ்ஸை விட்டுவிட்டாள். மாமியார் ஆறுமுகத்தாய் போன் செய்தாள்.

"எங்கன நிக்க?"

"ஆபீஸ்லதான் அத்தே. அடுத்த பஸ்ல வாரேன்."

"அதச் சொல்லணும்லா? நீ ஞாயித்துக்கெழம ஒங்க கோயிலுக்குப் போ, ஆபீஸ்ல கெட, எனக்கென்ன. போறேன், வாரேன்னு ஒரு வார்த்த சொல்லு. எனக்கு அது போதும்."

போனை வைத்த ஜெனிபா, திரும்பக் கூப்பிட்டு, கடைசி பஸ்ஸில் வருவதாக ஒரு வார்த்தை சொன்னாள். ஏழு கணினிகளின் பிணைப்பையும் தானே அவிழ்த்தாள். அவை பெருமூச்சு விட்டதுபோல் எழும்பின. அவரவர் கணக்கு அவரவர் கணினியிலேயே இருக்கட்டும் என்று விட்டாள். பூட்டும் பாதுகாப்பும் பற்றிய விதிகளை அந்தக் கணினிகளுக்குப் புரியும் வழியில் தனியாக அனுப்பினாள். உள்ளே வருகிறவர் தன் பேரையும் கடவுச்சொல்லையும் டைரக்டரியிடம் ஒருதரம் சொன்னால் போதும். அது ஒரு அனுமதிச் சீட்டுத் தரும், அதைக் காட்டினால் பிரிண்டரும் பொதுக் கோப்புகளும் திறக்கும். மறுநாள் காலை கதீஜம்மாள் தன் பேரைச் சொல்லி நுழைந்தபோது, கணினியின் அடியிலிருந்து, தறியில் நெடுக ஓடும் பாவு நூல் ஒன்று இறங்கி மேசையைத் தொட்டது. கத்தரிக்கோலுக்கு அது வெட்டுப்படவில்லை. அன்று வரைந்த மாதுளம்பூ இரவு தாண்டியும் வாடாமல் இருந்தது.

ஆடிட்டர் ஏழு நூல்களையும் குனிந்து பார்த்தார், பேர்களைச் சரிபார்த்தார், அடியில் கையை விட்டும் பார்த்தார். "இது ஏன் மேல நிக்குது?"

"அது அப்படித்தான் நிக்கும் சார்," என்றார் ஆறுமுகச்சாமி. "ஆனா சொல்லாம ஒரு எடத்துக்கும் போவாது."

ஆடிட்டர் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். டிசைன் அறை இன்றைக்கும் திறந்திருக்கிறது.

ஆடிட்டர் வந்துபோன அன்று சாயங்காலம் ஜெனிபா பொழுதோடு வீடு திரும்பி, அடுப்படியில் நின்று, என்னவென்று தெரியாமலே ஒரு பாட்டை முனகிக்கொண்டு தேயிலை போட்டாள். விளக்கேற்றுவதற்கு முன்னால் வீட்டைப் பெருக்கிக்கொண்டு வந்த ஆறுமுகத்தாய், நகரச் சொல்லாமல், கல்யாணமான அந்த முதல் மாதம் கழிந்ததிலிருந்தே தரையில் படாத மருமகளின் பாதங்களுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டு நன்றாகக் கூட்டி எடுத்து, "ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கிட்டி வருவ?" என்று கேட்டாள்.