வெறும் வயிறு

பிரகதீஸ்வரிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அது லேசில் போகாது. பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று தோன்றியதும், அவரோடு மல்லுக்கு நிற்காமல் ஒரு மாட்டையே வாங்கிக் கொல்லையில் கட்டியவள் அவள். அப்படிப்பட்டவளுக்கு ஐப்பசி மாதத்தில் கட்டின புருஷன் மேலேயே சந்தேகம் வந்தது என்றால் அந்த வீடு என்ன பாடுபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சம்பா நடவு முடிந்து முதல் உரம் போடுகிற சமயம். குத்தாலத்துக்குத் தெற்கே வாய்க்காலை ஒட்டின வயலில் யூரியா தெளித்துக்கொண்டிருந்த குணசேகரன், பத்து மணி வாக்கில் வரப்பில் உட்கார்ந்தான். பிறகு படுத்தான். பக்கத்து வயல்காரர்கள் ஓடிப்போய் எழுப்பினால் நாக்குக் குழறிற்று. கால் நிற்கவில்லை. தூறலிலும் சட்டை நனைய வேர்த்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. காலையிலேயே ஏற்றிவிட்டார் போலிருக்கிறது என்று யாரோ மெல்லச் சொன்னது பிரகதீஸ்வரியின் காதில் நன்றாகவே விழுந்தது.

போதை தெளிவதற்கு எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரையை அள்ளிப் போட்டு, ஒரு சொம்பு சர்பத் கலக்கிக் குடிக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் குணசேகரன் தெளிந்து உட்கார்ந்து, "நான் எப்ப வீட்டுக்கு வந்தேன்?" என்று கேட்டான். குடிகாரர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதானே அது. அதோடு, சர்பத்துக்குத் தெளிந்தது போதை இல்லாமல் வேறு என்ன?

வாயை முகர்ந்து பார்த்தாள். வாசனை இல்லை. சட்டையை முகர்ந்தாள், யூரியாதான் மணத்தது. வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே விட்டிருப்பாள். பிரகதீஸ்வரி பேராவூரணியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் தன் தம்பிக்குப் போன் போட்டாள். வாசனையே வராத சரக்கெல்லாம் இப்போது வந்துவிட்டது அக்கா என்று அவன் புண்ணியம் கட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். வைக்கோல் போருக்குள் கையை விட்டாள். பம்புசெட் ரூமைத் துழாவினாள். குணசேகரன் விடிந்ததும் போய் உட்காருகிற டீக்கடைக்கே போய், கடைக்காரர் மூஸா பாயைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். டீயும் இரண்டு மெதுவடையும் சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் பார்த்துவிட்டு வயலுக்குப் போகிற மனுஷர், அவரைப் போய்ச் சந்தேகப்படலாமா தங்கச்சி என்று பாய் வருத்தப்பட்டார். வாடிக்கையாளரை எந்தக் கடைக்காரர் காட்டிக்கொடுப்பார் என்று நினைத்துக்கொண்டே அவள் திரும்பினாள்.

மறுபடியும் விழுந்தான். அதற்கப்புறமும் ஒரு தடவை. எல்லாம் வயலில், எல்லாம் வீட்டுக்குச் சாப்பிட வருவதற்கு முன்பு. சத்தியமாகத் தொட்டதில்லை என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தவன், பிறகு சொல்வதையே விட்டுவிட்டான். அவள் அவனைக் கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போய், குடியை விடுவதாகச் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொள்ளச் சொன்னபோது, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கையை நீட்டினான். வீட்டில் சண்டை ஓய்ந்தால் போதும் என்று நினைத்திருப்பான், பாவம். அவளுக்கோ அதுவே சாட்சியாகப் போயிற்று. குடிக்காதவன் எதற்குக் கயிறு கட்டிக்கொள்கிறான்?

கார்த்திகை மழையில் வாய்க்கால் நிறைந்து ஓடியபோதுதான் பெரிய விபரீதம் வந்தது. மடையைத் திறக்கப் போனவன் குப்புற விழுந்து, முகம் தண்ணீருக்குள் கிடந்தது. அந்தப் பக்கமாக ஆடு ஓட்டிக்கொண்டு போனவர் பார்த்துத் தூக்கியிராவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். சேறும் சகதியுமாக அவனைக் கொண்டுவந்து போட்டபோது பிரகதீஸ்வரி முந்தானையாலேயே அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்து முடித்ததும் கோபம் வந்தது. இன்னொரு தடவை விழுந்தால் பேராவூரணிக்குப் போய்விடுவேன், அப்புறம் இந்த வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவனோடு பேசுவதை அடியோடு நிறுத்தினாள். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அடுத்த தடவை விழும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு காரியத்தை மட்டும் அவள் தவறாமல் செய்துவந்தாள். பேசாவிட்டாலும், காலையில் அவன் வெளியே கிளம்பும்போது சர்க்கரை மாத்திரையையும் தண்ணீரையும் கையில் கொடுத்துவிடுவாள். அந்த மாத்திரை மேல் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. ஏனென்றால் அது டாக்டர் நிலோஃபர் சொன்ன மாத்திரை.

நிலோஃபர் நாகப்பட்டினத்துக்காரர். சென்னையில் பெரிய ஆராய்ச்சியாளர். நான்கு வருஷத்துக்கு முன்பு டெல்டா முழுக்கச் சுற்றி, விவசாயிகளின் ரத்தத்தைப் பரிசோதித்துக் கட்டுரை எழுதினார். ஒல்லியாக, ஓடியாடி உழைக்கிற நெல் விவசாயிக்கும் சர்க்கரை வருகிறது. காலையில் வெறும் வயிற்றில் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் போதும், செலவு பிடிக்கிற வேறு பரிசோதனை வேண்டாம், உடனே மாத்திரை தொடங்கிவிடலாம் என்பது அதன் சாரம். நெல் விளைகிற நாடுகளில் எல்லாம் அதை எடுத்துக்கொண்டார்களாம். நூற்றுக்கணக்கான கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டினவாம். பேப்பரில் படத்தோடு செய்தி வந்தது. ஊர் ஊராக 'ஒரு சொட்டு முகாம்' நடந்தது. புரட்டாசியில் அது இந்த ஊர் நூலகத்துக்கு வந்தபோது, பிரகதீஸ்வரிதான் குணசேகரனை இழுத்துக்கொண்டு போனாள். விரலில் குத்திப் பார்த்து, சர்க்கரை என்று சொல்லி அன்றைக்கே மாத்திரை கொடுத்தார்கள். நாரை மாதிரி இருக்கிறவருக்குச் சர்க்கரையா என்று ஊர் சிரித்தது. அச்சில் வந்ததை மட்டும் அவள் சந்தேகப்படுவதில்லை.

வாய்க்கால் சம்பவம் நடந்து இரண்டு வாரம் கழித்து நிலோஃபரே நேரில் வந்தார். இரண்டாம் சுற்று ஆய்வாம். நூலகத்தில் காலையிலேயே வரிசை நின்றது. பிரகதீஸ்வரி நேராக மேஜைக்குப் போய், யாருக்காகவோ விசாரிப்பது போலக் கேட்டாள்.

"உங்க மாத்திரை போடுறவங்க குடிச்சா என்னங்க ஆகும்?"

டாக்டர் வாயாலேயே ஒரு மிரட்டல் வாங்கிக்கொண்டுபோய்ப் புருஷன் முன்னால் வைக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. நிலோஃபர் மிரட்டவில்லை. யார், எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், வேர்க்கிறதா, வாசனை இருந்ததா, எப்படித் தெளிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சர்பத் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது போல இருந்தது பிரகதீஸ்வரிக்கு. எதையோ நம் தலையில் கட்டப் பார்க்கிறாள் இந்த அம்மா என்று உள்ளுக்குள் சுதாரித்துக்கொண்டாள்.

"டெஸ்ட் எடுத்த அன்னைக்கு எதுவும் சாப்பிடாமதானே வந்தாரு?"

"சத்தியமா சாப்பிடலைங்க. நான்தானே கூட்டியாந்தேன். பாய் கடையில டீயும் ரெண்டு வடையும், அவ்வளவுதான்."

"வடை சாப்பிட்டிருக்காரேம்மா."

"வடை எப்படிங்க சாப்பாடாகும்? சோறு தின்னாதானே சாப்பிட்டதா அர்த்தம்."

நிலோஃபர் எழுந்து வரிசைக்கு முன்னால் போய் நின்று, இன்னும் சாப்பிடாதவர்கள் யார் யார் என்று கேட்டார். எல்லோரும் கை தூக்கினார்கள். டீ, வடை, பன், இட்லி என்று ஏதாவது உள்ளே போனவர்கள் யார் என்று கேட்டார். ஒன்றிரண்டு பேரைத் தவிர அதே கைகள் சந்தோஷமாக மறுபடியும் மேலே போயின. ஒருவர் மட்டும், தான் பன்னெல்லாம் தொடவில்லை, வெறும் இட்லிதான் என்று விளக்கம் கொடுத்தார். வரிசை சிரித்தது. டாக்டருக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

கட்டுரையில் வெறும் வயிறு என்று அச்சாகியிருந்தாலும், மேஜையில் கேட்கப்பட்டது "சாப்பிட்டாச்சா?" என்பதுதான். டீயும் வடையும் உள்ளே போயிருந்தால் வியாதி இல்லாதவருக்கும் அந்த ஒரு சொட்டில் சர்க்கரை ஏறித்தான் காட்டும். ஜனங்கள் மிரளாமல் இருக்கட்டும் என்று அந்தக் கேள்வியை அப்படி வைத்தவரும் நிலோஃபர்தான். முதல் ஊர்களில் தன் வாயால் கேட்டவரும் அவரேதான். நாகப்பட்டினத்தில் பிறந்த பெண்ணுக்கு இந்த ஊர்ப் பக்கத்தில் சோறுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் பலகாரம் என்று தெரியாதா? தெரியும். கேள்வித்தாளைக் கையில் எடுத்தபோது அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அவர் பையைத் தூக்கிக்கொண்டு பிரகதீஸ்வரியோடு வயலுக்கே நடந்தார். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டபோது கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். களை பறித்துக்கொண்டிருந்த குணசேகரன் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கை நடுங்கியது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. நிலோஃபர் அவன் விரலில் குத்தி, கருவியைப் பார்த்து, பையிலிருந்து குளுக்கோஸை எடுத்து அவன் வாயில் போட்டார். அவன் தெளிகிறவரைக்கும் வரப்பில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"இவர் குடிக்கலைம்மா. மாத்திரை ரத்தத்துல இருந்த சர்க்கரையை அடிமட்டத்துக்கு இறக்கியிருக்கு. இவருக்குச் சர்க்கரை வியாதியே இல்லாமலும் இருக்கலாம். நான் எழுதினது தப்பு."

பிரகதீஸ்வரி உடனே நம்பிவிடவில்லை. இவ்வளவு பெரிய டாக்டர் எதற்கு இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாள், இதில் என்ன சூது இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே நின்றாள். மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள், திங்கட்கிழமை தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் முழுப் பரிசோதனை செய்யலாம், நானும் கூட வருகிறேன் என்றார் நிலோஃபர். பிறகு ரோட்டோரம் போய் நின்று போனில் பேசினார். முகாமை எல்லா ஊரிலும் நிறுத்தச் சொன்னார். எதிர்ப்பக்கம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. இவர் குரல் உயர்ந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், எத்தனை நாட்டில் எத்தனை பேர் இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்குகிறார்களோ என்று சொல்லும்போது அந்தக் குரல் உடைந்தது. தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டு யாரும் நாடகம் ஆடமாட்டார்கள். அப்போதுதான் பிரகதீஸ்வரிக்கு நம்பிக்கை வந்தது.

நம்பிக்கை வந்ததும், தெருவே பார்க்க அவனைக் கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போனதும், வாயை முகர்ந்ததும், இத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாமல் தட்டைத் தரையில் தள்ளினதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அழுகை வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக நிம்மதி வந்தது. வீட்டுக்கு வந்து, சுடச்சுடச் சோறு வடித்து, மீன் குழம்பு ஊற்றி, அவன் எதிரில் உட்கார்ந்தாள். வாய் திறந்து பேசி எவ்வளவோ நாளாகிவிட்டதால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"நீங்க குடிக்கலையாம்" என்றாள்.

குணசேகரன் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினான்.

"யாரு சொன்னா?"

"டாக்டரம்மா சொன்னாங்களே, நீங்களும்தானே கேட்டீங்க."

அவன் தலையாட்டினான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"அந்தம்மா சொன்னாங்கன்னு மாத்திரையைக் கொடுத்த. இப்ப அந்தம்மா சொன்னாங்கன்னு நான் குடிக்கலைன்னு நம்புற. நடுவுல நானும்தான் சொன்னேன், பிரகதி."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான். அவன் சாப்பிட்டு முடித்து எழுந்து போகிறவரைக்கும் அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.