உச்ச நேரக் கட்டத்தில் ஒரு சைபர்

1.

இந்தக் கதை என் தம்பியால் வந்தது. பழியை முதலிலேயே அவன் தலையில் போட்டுவிடுகிறேன்.

வீட்டு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே அவன் ஆறு இயந்திரங்கள் வைத்திருக்கிறான். அவை ஓயாமல் கணக்குப் போட்டு, கிரிப்டோ என்கிற கண்ணுக்குத் தெரியாத காசைத் தோண்டி எடுக்கின்றனவாம். காசை நான் பார்த்ததில்லை, கரண்ட் பில்லைப் பார்த்திருக்கிறேன். எந்த இயந்திரத்தை எந்த நேரத்தில் ஓட்டினால் கரண்ட் மிச்சம் என்று ஒரு நேரப் பட்டியல் போட்டான். அது பலித்துவிட்டது போலிருக்கிறது. "அக்கா, நீதான் என்னென்னமோ எழுதறியே, இதப் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் குடு" என்றான்.

உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

‘இன்றைய காலகட்டத்தில் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது என்பது ஒவ்வொரு…’

(இது இங்கேயே கிடக்கட்டும். நீங்களும் மேலே படித்திருக்க மாட்டீர்கள்.)

இரண்டாவது வரியில் 2005ஆம் வருஷத்து மரக்காணத்திலிருந்து ஒரு மனிதர் வந்து நின்றுகொண்டார். அப்போது தம்பியின் காசு பிறந்திருக்கவில்லை. தம்பியும் பிறந்திருக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் கையிலும் ஒரு நேரப் பட்டியல் இருந்தது. போகச் சொல்லிப் பார்த்தேன், போகவில்லை. கட்டுரை அன்றோடு போயிற்று.

2.

தொடக்கம், முதல் முயற்சி: ‘உப்பளங்களின் மேல் வெயில் வெள்ளை வெளேரென்று…’

வேண்டாம். மரக்காணம் என்றாலே எல்லாரும் இந்த வெள்ளையில் போய் விழுகிறார்கள்.

இரண்டாம் முயற்சி: தமீம் அன்சாரி ஷார்ஜாவிலிருந்து வந்து இறங்கிய அன்று, அவருடைய மூன்று வயது மகள் டெலிபோனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

மகள் பிறந்த நாற்பதாம் நாள் விமானம் ஏறியவர் அவர். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் போனில்தான் பேச்சு. ‘அத்தா பேசறாரு பாரு’ என்று சொல்லிச் சொல்லி ரிசீவரைக் காதில் வைத்ததில், மேசைமேலிருந்த அந்தச் சிவப்பு டெலிபோனின் பெயர்தான் அத்தா என்று குழந்தை முடிவு செய்துவிட்டது. குழந்தையைக் குற்றம் சொல்ல முடியாது. 2005 ரமலான் பெருநாளுக்கு நிஜ அத்தா பெட்டியோடு உள்ளே வந்தபோது, யாரோ ஒரு ஆள் வந்து தன் அத்தாவைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறான் என்று பயந்து அதைக் கட்டிக்கொண்டது. மனைவி ஹுமா சிரித்தார். சிரித்துவிட்டு அடுப்பங்கரைக்குள் போனவர் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

தமீம் சிரிக்கவில்லை. இனிமேல் திரும்பிப் போவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார். முடிவு செய்வது சுலபம், அதை மாமனாரிடம் சொல்வதுதான் கஷ்டம்.

3.

மாமனார் பக்கீர் முஹம்மது, உப்பு அரவை மில் வைத்திருந்தவர். அளத்திலிருந்து வரும் கல்லுப்பைக் கழுவி, காய வைத்து, அரைத்து, பாக்கெட் போட்டு அனுப்பும் மில். நான்கு மோட்டார்கள். மூட்டைக்கு ஒரு கைப்பிடி கூடப் போட்டாலும் போடுவார், குறைக்க மாட்டார் என்று பெயர். மாப்பிள்ளை நாக்கைத் தயார் செய்துகொண்டு போய்ச் சொன்னதைக் கேட்டுவிட்டு, மில் இரண்டு குடும்பத்தைத் தாங்காது என்று ஒரே வரியில் முடித்தார்.

தமீம் அசரவில்லை. ஷார்ஜாவில் அவர் வேலை ஒரு பெரிய கட்டடத்தின் ஏசி, லிப்டு, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் நேரம் பார்த்துப் போட்டு நேரம் பார்த்து நிறுத்துவது. மில்லின் கரண்ட் பில்லை வாங்கிப் பார்த்தார். அதில் உச்ச நேரம் என்று தனியாக ஒரு கட்டம் இருந்தது. மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை ஊரே விளக்கும் டிவியும் போடுகிற நேரம், அப்போது மில் ஓடினால் அந்த யூனிட்டுக்கு விலை கூடுதல். (காலையிலும் ஒரு உச்ச நேரம் உண்டு. அதற்குள் மில் திறப்பதில்லை என்பதால் கதையிலிருந்து அதை எடுத்துவிட்டேன்.) மாமனாரோ சாயங்காலம் டிராக்டரில் வந்து இறங்கும் உப்பை அன்றைக்கே அரைத்தாக வேண்டும் என்று சரியாக அந்த மூன்று மணி நேரமும் நான்கு மோட்டாரையும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வரும் உப்பு காலை வரை காத்திருந்தால் கெட்டா போய்விடும் என்று தமீம் கேட்டார். வாதத்தில் மாட்டிக்கொண்டால் பந்தயம் கட்டுவது பக்கீர் முஹம்மதுவின் வழக்கம்.

"அந்தக் கட்டத்துல சைபர் காட்டு மாப்ள. நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் அஞ்சு பில்லு. அஞ்சுலயும் சைபர்னா மில்ல நீ பாத்துக்க. ஒண்ணுல தவறுனாலும் பிளேன் ஏறிடணும்."

ஐந்து என்பதற்குக் காரணம் இருந்தது. ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசா செத்துவிடும். ஏப்ரல் கடைசிதான் கெடு.

4.

தமீம் பட்டியல் போட்டார். எந்த மோட்டார் எத்தனை மணிக்கு, எதற்குப் பிறகு எது, எல்லாம் கோடு போட்டு எழுதி மெயின் சுவிட்சுக்கு மேலே ஒட்டினார். ஷார்ஜாவில் அவர் பார்க்காத ஒன்று இங்கே இருந்தது. மில்லுக்குள் எந்தக் கடிகாரமும் ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடு இருக்காது. உப்புத் தூசி உள்ளே புகுந்து முள்ளைப் பிடித்துக்கொள்ளும். சுவரில் அப்படி மூன்று கடிகாரங்கள் மூன்று வேறு நேரங்களில் செத்துத் தொங்கின.

மோட்டார்களைப் போட்டு நிறுத்துவது மலர்கொடி. பதினோரு வருஷமாக அந்த மில்லில் இருப்பவர், செல்போன் கிடையாது, கைக்கடிகாரத்தை உப்புக்குப் பலி கொடுக்க அவர் தயாரில்லை. மணி எப்படித் தெரியும் என்று கேட்டார். தமீம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மஃரிப் பாங்கு, பொழுது சாய்ந்ததும் தொழுகைக்கு அழைக்கிற குரல், கேட்டது. கையைப் பார்த்தார், ஐந்து நாற்பது. உச்ச நேரத்துக்கு இன்னும் இருபது நிமிஷம். இதைவிட நல்ல மணி எங்கே கிடைக்கும்?

"பாங்கு கேட்டா நிறுத்திடு மலரு. கடிகாரமே வேணாம்" என்றார்.

(கூர்ந்து படிக்கிறவர்கள் இந்த இடத்தில் உள்ளுக்குள் சிரித்திருப்பீர்கள். தயவுசெய்து சத்தம் போடாதீர்கள், அவருக்கு இன்னும் தெரியாது.)

நவம்பர் பில் வந்தது. பக்கீர் முஹம்மது அதைப் பிரித்துப் பார்த்து, சைபர் என்று சொல்லிவிட்டு, மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினார். டிசம்பரும் சைபர். ஜனவரி, சைபர். பிப்ரவரி, சைபர். வீட்டிலும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. குழந்தை முதலில் அவரை ‘இந்த ஆளு’ என்றது, பிறகு ‘வீட்டு அத்தா’ என்றது. பிப்ரவரியில் ஒருநாள் வெறும் ‘அத்தா’ என்றது. தமீம் அன்றைக்கு மில்லுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனார்.

5.

இந்த இடத்தில் குழந்தையை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். குழந்தையும் டெலிபோனும் கண்ணைக் கசக்க வைக்கிற சங்கதி, வாசகரை மடக்குவதற்கென்றே வைத்தது போல இருக்கிறது. நல்ல எழுத்தாளர் எவராயினும் இதைக் கதையிலிருந்து தாட்சண்யமில்லாமல் எடுத்துவிடுவார்.

என்னால் எடுக்க முடியவில்லை, ஏனென்றால் அந்தக் குழந்தை நான்தான்.

(ஆம், தமீம் அன்சாரி என் அத்தா. பக்கீர் முஹம்மது என் நன்னா, அம்மாவைப் பெற்றவர். தம்பி பிறந்தது 2007இல். அப்படியானால் அத்தா ஊரிலேயே தங்கிவிட்டார் போலிருக்கிறதே என்று கணக்குப் போடாதீர்கள். லீவில் வந்து போகிறவர்களுக்கும் பிள்ளை பிறக்கும். நானே அப்படிப் பிறந்தவள்தான்.)

இனியும் அவரைத் தமீம் என்றே எழுதுகிறேன். அத்தா என்று எழுதினால் கை அவர் பக்கமாகச் சாய்கிறது.

6.

பள்ளிவாசலில் ஒரு தொழுகை நேரப் பலகை உண்டு. ஐந்து வேளைக்கும் ஐந்து பொம்மைக் கடிகாரங்கள், அவற்றின் முள்ளைக் கையால்தான் நகர்த்த வேண்டும். பெருநாளுக்கு வந்த நாளிலிருந்து அந்த வேலையைத் தமீம்தான் விருப்பப்பட்டு எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் முக்காலி போட்டு ஏறி, அட்டவணையைப் பார்த்து முள்ளைத் தள்ளுவார். நேரம் விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஜமாஅத்தில் பேச்சு.

ஏப்ரல் ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை. மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். மஃரிப் முள்ளின்மேல் விரல் இருந்தது.

"அத்தா, ஏன் அதத் தள்ளறே?"

"பொழுது தள்ளிப் போவுதில்ல கண்ணு, அதான். நான் வந்தப்ப அஞ்சு நாப்பதுக்கு மஃரிபு. இப்ப பாரு, ஆறு இருபத்தி ரெ…"

அந்த வாக்கியம் முடியவேயில்லை. இருபது வருஷமாக அது முக்காலிமேல் அப்படியே நிற்கிறது, நானும் முடிக்கப்போவதில்லை.

ஐந்து மாதமாக வாரம் தவறாமல் சூரியனோடு சேர்ந்து அந்த முள்ளைத் தன் விரலாலேயே தள்ளியவர், அதே பாங்குதான் மில்லையும் நிறுத்துகிறது என்பதை ஒருநாளும் நினைக்கவில்லை. பாங்கு சொல்லும்போது அவர் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு முதல் வரிசையில் நிற்பார். மில் எப்போது நிற்கிறது என்று பார்க்க அங்கே இருந்ததே இல்லை.

அன்று சாயங்காலம் தொழுகைக்குப் போகாமல் மில்லில் நின்றார். ஆறு மணி ஆயிற்று. நான்கு மோட்டாரும் ஓடின. ஆறு பத்து, ஓடின. ஆறு இருபத்திரண்டுக்குப் பாங்கு கேட்டது. மலர்கொடி எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பட்டியல்படி வரிசையாக நிறுத்தினார்.

"தினமும் இப்பதான் நிறுத்தறியா?"

"பாங்கு கேட்டதும் நிறுத்திடுவேன் பாய். நீங்கதான சொன்னீங்க? ஒருநாள் கூட தவறுனதில்ல."

அது சத்தியம். மலர்கொடி மேல் கோபப்பட ஒரு வழியும் இல்லாமல் தமீம் அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

7.

அப்போதுதான் அடுத்தது உறைத்தது. பொங்கலுக்கு முன்பே பாங்கு ஆறு மணியைத் தாண்டிவிட்டது. அப்படியானால் ஜனவரி பில்லில் சைபர் இருந்திருக்க முடியாது. பிப்ரவரியில் இருக்கவே முடியாது. மாமனார் இரண்டு முறையும் பிரித்துப் பார்த்து, சைபர் என்று சொன்னாரே?

பக்கீர் முஹம்மது என்ற இந்தப் பாத்திரத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதல் பிரதியில் அவர் மாப்பிள்ளைக்காகப் பொய் சொல்கிறார். ஆனால் எடைக்கல்லில் ஒட்டிய உப்பைக்கூடத் துடைத்துவிட்டு நிறுக்கிறவர் பொய் சொல்வாரா? நம்ப முடியவில்லை, அடித்துவிட்டேன். இரண்டாவதில், மாப்பிள்ளை கெடு வரைக்கும் நிம்மதியாக இருக்கட்டும், கடைசியில் எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் போட்டு அனுப்பிவிடலாம் என்று காத்திருக்கிறார். அவ்வளவு வன்மம் அவருக்கு வராது. மூன்றாவதில் அவருக்கு வெறுமனே கண் தெரியவில்லை.

இந்த மூன்றாவது, அம்மாவுடையது. தமீம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னபோது ஹுமா அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"அவரு கண்ணாடி ஒடஞ்சி பொங்கலோட மூணு மாசம் ஆச்சி. எந்தக் கட்டத்தப் பாத்தாரோ என்னமோ. நீங்க போயி ஒண்ணும் ஒளறாதீங்க."

தமீம் படுத்தும் தூங்கவில்லை என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். தூங்கினார். மகள் அவர் வயிற்றின்மேல் காலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்ததால் புரளாமல் தூங்கினார். சொல்லாமல் இருந்தால் இந்தக் கால் இங்கேயே இருக்கும். ஆனால் சொல்லாமல் இருப்பதற்கு, வாழ்நாள் பூராவும் ஒரு கிழவரின் பொய்யின்மேலோ ஒரு கிழவரின் குருட்டுக் கண்ணின்மேலோ உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டும் அவருக்குப் பிடிக்கவில்லை.

8.

மார்ச் பில் ஏப்ரல் பத்தாம் தேதி வந்தது. மில்லின் முன்பக்க அறையில் பக்கீர் முஹம்மது உட்கார்ந்திருந்தார். தமீம் எதிரே. மடியில் மகள். மலர்கொடி கழுவின உப்பைத் தள்ளுவது போல வாசலருகே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

பெரியவர் உறையைக் கிழித்தார், காகிதத்தை விரித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை மேசைமேல் தமீம் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"கண்ணாடி எடுத்தாரல மாப்ள. நீயே படிச்சி சொல்லு. நீ சொல்றதுதான் கணக்கு."

(கண்ணாடி புதிதாகச் செய்து அவர் சட்டைப் பையிலேயே இருந்தது என்று மலர்கொடி சொல்கிறார். பையில் இருந்தது பீடிக்கட்டு என்று அம்மா சொல்கிறார். எங்கள் குடும்பத்தில் இதில் இன்றுவரை ஒற்றுமை இல்லை.)

தமீம் காகிதத்தை எடுத்தார். உச்ச நேரம் என்று போட்டிருந்த கட்டத்தில் விரலை வைத்தார். படித்தார்.

உச்ச நேரம்: [            ]

அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டிருக்கிறேன். சோம்பேறித்தனம் இல்லை. சைபர் என்று நான் எழுதினால் என் அத்தாவைப் பொய்யராக்குகிறேன். உண்மையான எண்ணை எழுதினால் அவரை விமானம் ஏற்றுகிறேன். பெற்ற மகளிடம் இந்த இரண்டில் ஒன்றைக் கேட்பது நியாயமில்லை, நீங்கள் வெளியாள், உங்களால் முடியும். அவர் எண்ணைச் சொல்லி, மாமனார் அதற்குப் பிறகும் சைபர் என்றே காதில் விழுந்தது போலத் தலையாட்டினார் என்று எழுதவும் இடம் இருக்கிறது. நானும் அதை நான்கு முறை எழுதினேன். எழுதும்போதெல்லாம் அது என் ஆசை மட்டுமே என்று தெரிந்துவிடுகிறது.

அத்தாவிடமே கேட்டுவிடலாமே என்பீர்கள். கேட்டேன். "நீதான் மடியில இருந்தியே, ஒனக்குத் தெரியாதா?" என்று சிரிக்கிறார்.

மடியில் இருந்தேன், உண்மைதான். அவர் என்ன படித்தார் என்பது நினைவில்லை. அவர் படித்தபோது அந்தக் குரல் என் முதுகில் அதிர்ந்தது, அது நினைவிருக்கிறது. சிவப்பு டெலிபோனில் அந்த அதிர்வு ஒருநாளும் வந்ததில்லை. கட்டத்தை நிரப்பும்போது இதையும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.