பெட்டியோடு ஒரு படம்

சவப்பெட்டியின் தலைமாட்டுக்கு அடியில் ஜூடித் இன்னொரு செங்கல்லைத் தள்ளினாள். அப்போதுதான் டாடியின் முகம் போட்டோவில் விழும். நீலசந்திராவில் அவர்கள் சனத்தில் யார் செத்தாலும், பெட்டியை மூடுமுன் குடும்பம் சுற்றி நின்று ஒரு படம் எடுத்தாக வேண்டும். கல்யாணப் படம் இல்லாத வீடுகூட உண்டு, இந்தப் படம் இல்லாத வீடு கிடையாது.

அந்தப் படத்துக்காகத்தான் டாடி டென்சில் நேற்றிலிருந்து ஐஸ் மேல் காத்துக் கிடந்தார். படம் எடுக்க வேண்டிய மகன் ரயான், அரைமணி முன்புதான் கழுத்தில் கேமராவோடு வந்து இறங்கியிருந்தான். மழையில் மங்களூர் பஸ் மலைப்பாதையிலேயே நின்றுவிட்டதாம்.

"நெசமாவே ஹெலிகாப்டர்லயாடா போனே?" டென்சிலின் தங்கை லவினா மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"ஆமா ஆன்ட்டி. கார்வார்லேர்ந்து கடலோரமா. கதவக் கழட்டிட்டு, பெல்ட்டக் கட்டிக்கிட்டு வெளிய சாஞ்சு எடுக்கணும். இது வைட் ஆங்கிள் லென்ஸ், அகலமா எல்லாத்தையும் அள்ளிடும். கொஞ்சம் அசந்தா நம்ம காலே படத்துல வந்துடும்."

சொல்லிவிட்டுப் பெட்டியைப் பார்த்து அழுதான். அழுகை நிஜம்தான். ஜூடித்துக்கு அதுதான் பொறுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவன் தங்கியிருந்த ஓட்டலுக்குப் பேசினாள். "டாடிக்கு மூச்சு இழுக்குதுடா. இன்னைக்கே கெளம்பு."

"அக்கா, மூணு நாளா மழை. இப்பத்தான் வெளுத்திருக்கு. ஹெலிகாப்டர் நாளைக்கு ஒரு நாள்தான். நான் படம் எடுக்குற இந்தக் காலண்டர் மட்டும் வந்துடுச்சுன்னா நான் எங்கயோ போயிடுவேன். ரெண்டு நாள் டாடியப் புடிச்சு வையேன்."

எட்டு மாதமாக அவள் பிடித்துத்தான் வைத்திருந்தாள், பெட்பேனையும் சேர்த்து. கூரையேறிக் கோழி பிடிக்காதவன் வானமேறி வைகுண்டம் போனானாம். இவன் வானமே ஏறிவிட்டான், அப்பனைத் திருப்பிப் படுக்க வைக்கத்தான் தெரியாது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு டாடி கண்ணைத் திறந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ரயான், வந்துட்டியா?" என்றார். ஜூடிதான் டாடி என்று சொல்லியிருக்கலாம். "வந்துட்டேன் டாடி" என்றாள். அவர் சிரித்தார். முப்பத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் அவளைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்போடேயே போய்விட்டார்.

பத்துக்குப் பத்து ஹாலில் பதினாறு பேர் பெட்டியைச் சுற்றி நெருக்கினார்கள். ரயான் ஜன்னலோடு முதுகை ஒட்டவைத்துக்கொண்டான்.

"தள்ளாதீங்க, எல்லாரும் வந்துடுவீங்க. ஓரத்துல நிக்கிறவங்க மூஞ்சி மட்டும் கொஞ்சம் இழுத்துக்கும்."

"ஜூடி, நீ ஓரத்துக்குப் போ" என்றாள் லவினா. "ஊர்லேர்ந்து வந்தவங்க நடுவுல நிக்கட்டும்."

ஜூடித் ஓரத்துக்குப் போனாள். ரயான் அதைப் பார்த்தான், பொத்தானை அழுத்தினான்.

சர்ச்சில் காத்திருக்கிறார்கள் என்று வாசலில் சவ வண்டி டிரைவர் கன்னடத்தில் அவசரப்படுத்தினான். "பேக மாடி சார், சர்ச்சல்லி காய்தா இத்தாரே." கூட்டம் மளமளவென்று தெருவுக்கு இறங்கியது. பெட்டியை மூட ஆள் வருவதற்குள் அக்காவும் தம்பியும் மட்டும் உள்ளே நின்றார்கள்.

"அக்கா, டாடி கடைசில என்னக் கேட்டாரா?"

ஜூடித் டாடியின் கைகளில் சுற்றியிருந்த ஜெபமாலையைச் சரி செய்தாள்.

"இல்ல."

"ஒரு தடவகூடவா?"

"உன் பேரே எடுக்கல."

அவன் பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாக வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

"ரோல்ல இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்குக்கா" என்றான், குரல் உடைந்து. "நான் எடுத்த படத்துல நான் இல்ல. டாடி பக்கத்துல நிக்கிறேன், நீ அழுத்து. எல்லாம் செட் பண்ணியாச்சு. அதாவது இருக்கட்டும் எனக்கு."

கேமரா கனமாக இருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தாள். மெழுகுவர்த்தி, சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம், பெட்டி, டாடி, அவர் நெற்றியில் உதடு பதித்துக் கண்ணை மூடியிருந்த ரயான். எல்லாம் உள்ளே இருந்தது. ஓரடி முன்னால் எடுத்து வைத்தாள். அப்போதும் இருந்தான். கேமராவை இடப்பக்கம் திருப்பினாள். அவன் முதுகு வெளியே போனது, தலை போகவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். அவன் போகப் போக டாடியும் கூடவே போய்க்கொண்டிருந்தார். அவள் நிறுத்தினாள். டாடியின் வாய் இன்னும் அந்தச் சிரிப்பை விடவில்லை.

முழுக்கத் திருப்பினாள். மெழுகுவர்த்தியும் காரை பெயர்ந்த சுவரும் மட்டும் மிஞ்சின. அழுத்தினாள்.

"எடுத்தாச்சாக்கா?" அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"எடுத்தாச்சு."

"டாடி மூஞ்சி நல்லா விழுந்துச்சா?"

"ம்."

"தேங்க்ஸ்க்கா." அவள் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். பிறகு ரோலைச் சுற்றி வெளியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டான்.

வண்டி முன்னால் ஊர்ந்தது. மழை தூறத் தொடங்கியதும் லவினா குடையை நீட்டினாள், அவன் வாங்கவில்லை. சர்ச் வரைக்கும் சட்டைப் பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டே, ஜூடித்துக்கு முன்னால் நனைந்து நடந்தான்.