சாரு ரொம்ப தண்ணி

“கரண்டியக் கீழ வெய்யிம்மா! இதென்ன உன் ஊட்டு அடுப்பா?”

“வெக்க மாட்டேன். சாரே சொல்லிட்டாரு.”

“எந்த சாரு?”

“வெள்ளைச்சாமி சார். கம்ப்யூட்டர்ல பேரு போட்டு எழுதியிருக்காரு, ‘நீ மாடு’ன்னு. நம்பிக்கை இல்லாட்டி நீயே போயிப் படிச்சுக்கோ.”

“ஓகோ! என் சமையலு அவருக்கு ஆவலையா? அப்ப நான் வந்து உன் ஸ்டோர்ல போல்ட்டு நட்டு எண்ணட்டா?”

ஓசூரில் எங்கள் பம்ப் கம்பெனியின் கேன்டீன். காலை டிபன் முடிந்து மத்தியானச் சமையல் தொடங்கும் நேரம். நான் டைம் ஆபீசில் இருப்பவள். எங்காவது குரல் உயர்ந்தால் என் கால் தானாக அந்தப் பக்கம் நடக்கும். போய்ப் பார்த்தால், ஸ்டோர்ஸ் டிரெயினி சரசம்மா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ரசப் பானைக்கு முன்னால் நிற்கிறாள். கரண்டியின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை சமையல்காரர் திம்மராயன் கையில். நடுவில் புளிக்கரைசல் சொட்டுகிறது.

இருவர் வீட்டிலும் கன்னடம். ஆகவே ‘நீ மாடு’ என்றால் இருவருக்கும் ஒரே அர்த்தம்தான்: நீயே செய். ஆனால் அதை எழுதிய வெள்ளைச்சாமிக்கு ஊர் சாத்தூர். எழுதும்போது அவர் மனதில் இருந்தது நாலு கால், இரண்டு கொம்பு, ஒரு வால்.

எப்படி இந்த அளவுக்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றெட்டில் தீபாவளிக்கு முன்னால், கம்ப்யூட்டர் செக்‌ஷன் கோவிந்தப்பன் ஒரு காரியம் செய்தார். ஓசூர் ஃபேக்டரி, கிருஷ்ணகிரி குடோன், பெங்களூர் ஹெட் ஆபீஸ் மூன்றையும் டெலிபோன் லைனில் கோத்து, ‘மெசேஜ் போர்டு’ என்று ஒன்றைத் திறந்துவைத்தார். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் பதில் போடலாம். சொந்தப் பெயர் வேண்டாம், புனைபெயர் போதும் என்றார். அப்போதுதான் ஜனங்கள் மனசை விட்டு எழுதுவார்களாம். மனசை விட்டார்களோ இல்லையோ, மானத்தை விட்டார்கள். எதிரில் பார்த்தால் “வணக்கம்ண்ணா” என்று குழைகிறவன், ‘மின்னல்’ என்றும் ‘சிறுத்தை’ என்றும் பெயர் வைத்துக்கொண்டு அதே அண்ணனை அடுத்த நிமிடம் கிழித்தான்.

தமிழ் எழுத்து அந்த மெஷினில் கிடையாது. தமிழ், கன்னடம், தெலுங்கு எதுவானாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். ஒரு வார்த்தை எந்த வீட்டுப் பிள்ளை என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

சரசம்மாவுக்கு ஊர் ஓசூர் பக்கத்துப் பேரிகை. போர்டில் அவள் பெயரும் ‘பேரிகை’தான். தை மாதம் அவளுக்கு வேலை நிரந்தரம் ஆகவேண்டும். அதை நம்பித்தான் சிப்காட் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். அது போனால் பேரிகைக்குத் திரும்பி அண்ணன் தோட்டத்தில் தக்காளி பறிக்கவேண்டியதுதான். அப்படிப்பட்டவள் ஒருநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து ‘கேன்டீன்’ என்ற தலைப்பின் கீழ் எழுதினாள். ஸ்டோர்ஸில் சாமான் பெயரெல்லாம் கொட்டை எழுத்தில் அடித்துப் பழகிய கை. இதையும் கொட்டை எழுத்திலேயே அடித்தது:

‘சாரு ரொம்ப தண்ணி. தினமும் இப்படித்தான். யாரும் கேக்க மாட்டீங்களா?’

சாரு என்றால் அவள் வீட்டில் ரசம். ரசம் தண்ணியாக இருந்தது, எழுதினாள். கேன்டீன் ஆட்கள் மொத்தமும் வெல்ஃபேர் ஆபீசரான வெள்ளைச்சாமியை ‘சாரு, சாரு’ என்றுதான் கூப்பிடுவார்கள் என்பதும், கேன்டீன் அவர் பொறுப்பில்தான் என்பதும் அவள் மண்டையில் அந்த நேரத்தில் உதிக்கவில்லை.

பாவம், வெள்ளைச்சாமி அப்போது சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், எதிரில் வருகிற எல்லோரும் ‘சாமி’. கார்த்திகை மாதத்து ஓசூர்க் குளிரில் விடியுமுன் பச்சைத்தண்ணியில் குளித்துக் கண் செவசெவ என்று இருக்கும். செருப்பில்லாமல் ஃபேக்டரி ஜல்லிமேல் நடந்து நடையும் ஒரு தினுசாகிப் போயிருந்தது.

இதைவிட என்ன வேண்டும்?

‘நானும் கவனிச்சேன், கண்ணு சிவப்பு’ என்று எழுதினது மின்னல். ‘நடையும் சரியில்லை, கால் பின்னுது’ என்றது சிறுத்தை. ‘மாலையே அதை மறைக்கத்தான்’ என்று கிருஷ்ணகிரி குடோனில் இருந்து ஒரு மகானுபாவர். மறுநாள் காலைக்குள் முப்பது பதில் ஏறிவிட்டது. ஒருத்தராவது ‘எந்த சாரு? என்ன தண்ணி?’ என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சுவாரசியம் போய்விடுமே! நானும் ஒன்றும் எழுதவில்லை. எனக்குத் தட்டத் தெரியாது. படித்ததை எங்கள் லைன் வீடுகளில் வாயால் சொன்னேன், அவ்வளவுதான்.

யாரோ புண்ணியவான் இதை மொழிபெயர்த்து ஹெட் ஆபீஸ் பெரிய மேனேஜர் காதில் போட்டார். அவர் மராத்திக்காரர். வெள்ளைச்சாமியை போனில் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். நம்மவர், “நான் சுத்தபத்தமாக இருக்கிறேன். பொய் எழுதினவர் யாரானாலும் இந்தக் கம்பெனியில் இருக்கக்கூடாது” என்றார். “ஆளைக் கண்டுபிடி, சாயந்திரத்துக்குள் அனுப்பிவிடலாம்” என்றார் மேனேஜர். கோவிந்தப்பனோ, பெயரைச் சொல்லமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார். வந்த ஆத்திரத்தில் வெள்ளைச்சாமி போர்டில் ஏறி, பேரிகைக்குப் பதிலாகக் கொட்டை எழுத்தில் அந்த இரண்டு வார்த்தையைப் போட்டார். கீழே பெயரும் போட்டார். அந்த விஷயத்தில் மற்ற வீரர்களைவிட அவர் மேல்.

ஸ்டோர்ஸில் இருந்தது பழைய மெஷின். தனக்கு வந்த கடைசிப் பதில் மட்டும்தான் முதலில் தெரியும். சரசம்மா அதைப் படித்தாள். ‘நீ மாடு — வெள்ளைச்சாமி.’ குறை சொன்னேன், ஆபீசர் நீயே செய்து காட்டு என்கிறார், அதுவும் நியாயம்தான் என்று நேராகக் கேன்டீனுக்கு நடந்துவிட்டாள்.

இப்போது கரண்டிச் சண்டைக்கு வருவோம். ‘எனக்குத்தான் எழுதியிருக்கார்’ என்று அவள் கத்தியதில், பேரிகை யார் என்பது ஊருக்கே தெரிந்துபோனது. செய்தி வெல்ஃபேர் ஆபீஸுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? வெறுங்காலோடு ஜல்லியில் தாவித் தாவி வந்து நின்றார் வெள்ளைச்சாமி. பின்னால் பாதி ஷிஃப்ட்.

“பேரிகைங்கிறது நீங்கதானா சாமி?”

“நான்தான் சார்.”

“நான் குடிக்கிறேன்னு எழுதினது நீங்கதானா?”

“நீங்க குடிச்சா எனக்கென்னா சார்? நான் குடிச்சதப் பத்தி எழுதினேன்.”

கூட்டம் வாயைப் பிளந்தது. கிரைண்டிங் செக்‌ஷன் ராமப்பன், “அடேங்கப்பா” என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

“என்னது? நீங்க குடிச்சதா?”

“தினம் ரெண்டு டம்ளர் குடிப்பேன் சார். பேரிகையில எங்கம்மா வெக்கிறது கெட்டியா இருக்கும். இங்க ஒரே தண்ணி.”

“ஐயப்பா! உங்கம்மாவே காய்ச்சுவாங்களா?”

“பின்ன பக்கத்து ஊட்டுக்காரங்களா வந்து காய்ச்சுவாங்க?”

முதலில் சிரித்தது திம்மராயன்தான். கரண்டியை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “சாரு, சாரு... அந்தப் பொண்ணு சொல்றது இந்த சாரு!” என்று ரசப் பானையைக் காட்டினார். சரசம்மா ஒரு கரண்டி மொண்டு மேலிருந்து ஊற்றிக் காட்டினாள். பைப்புத் தண்ணி மாதிரி விழுந்தது. அடியில் ஒரே ஒரு கொத்தமல்லி இலை மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வெள்ளைச்சாமி பானையைப் பார்த்தார். சரசம்மாவைப் பார்த்தார். பிறகு தன் கறுப்பு வேட்டியைப் பார்த்துக்கொண்டார்.

“அப்ப நான் எழுதினத நீங்க என்னன்னு நெனச்சீங்க சாமி?”

“நீயே செய்யின்னு. அதான் வந்தேன்.” அவள் சுற்றிலும் பார்த்தாள். தமிழ் வீட்டுக்காரர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகம் வாடிவிட்டது. “அது இல்லியா சார்? அப்ப என்னெ... மாடுன்னா சொன்னீங்க?”

மாலை போட்டவர் பொய் சொல்லக்கூடாது. “ஆமா சாமி.”

“பசுமாடா?”

“எருமைன்னுதான் நெனச்சு அடிச்சேன்.”

அவள் ஒரு நொடி முறைத்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், கேன்டீன் தட்டுகள் எல்லாம் அதிர்ந்தன. வெள்ளைச்சாமியும் சிரித்து, கையெடுத்துக் கும்பிட்டு, “மன்னிச்சிருங்க சாமி. யாரு, என்னன்னு கேக்காம வாய விட்டது என் தப்பு” என்றார். அன்று மத்தியானம் ரசம் அவள்தான் வைத்தாள். சாத்தூர்க்காரர் மூன்று முறை கேட்டு வாங்கிக் குடித்தார். திம்மராயனும் குடித்தார், ஓரமாகத் திரும்பி நின்று.

ஆனால் மேனேஜர் உத்தரவு உத்தரவாகவே இருந்ததே. சாயந்திரம் வெள்ளைச்சாமி பெங்களூருக்கு போன் போட்டார். “அந்தப் பெண் ரசத்தைத்தான் சொன்னாள். நான் அவளையே எருமை என்றேன். ஆளை அனுப்பவேண்டுமென்றால் முதலில் என்னை அனுப்புங்கள்.” எக்ஸ்சேஞ்சில் கேட்டுக்கொண்டிருந்த பெண் சொன்னது: மறுமுனையில் மராத்தியில் ஒரு சிரிப்பாம். “யாரையும் அனுப்பவேண்டாம். ரசத்தைச் சரிசெய்யுங்கள்” என்று வைத்துவிட்டாராம்.

மறுநாள் கோவிந்தப்பன் போர்டை மூடத்தான் இருந்தார். வெள்ளைச்சாமியும் சரசம்மாவும் சேர்ந்து தடுத்தார்கள். போர்டு இருக்கட்டும், புனைபெயர் போகட்டும் என்றார் அவர். கொட்டை எழுத்தும் போகட்டும், படிக்கிறபோதே காதுல கத்துற மாதிரி இருக்கு என்றாள் அவள். அதோடு எழுதும் முன்னால் என்ன பாஷை என்று ஒரு வார்த்தை போடவேண்டும். புரியாவிட்டால் கேட்ட பிறகுதான் கோபப்படவேண்டும். கோவிந்தப்பன் இதையெல்லாம் திரையின் தலைமாட்டில் ஏற்றிவிட்டார். மின்னல் அன்றோடு அடித்து ஓய்ந்தது. குடோன் மகானுபாவர் இருக்கிற இடம் தெரியவில்லை.

சிறுத்தை மட்டும் வெளியே வந்தது. ‘பாஷை தமிழ். கால் பின்னுது என்று எழுதியது நான். ஜல்லி குத்தியது எனக்குத் தெரியாது. சாரும் சரசம்மாவும் மன்னிக்கவும் — ராமப்பன், கிரைண்டிங்.’ ‘பாஷை கன்னடம், ஊட்ட ஆய்த்தா?’ என்று சரசம்மா பதில் போட்டாள். கோபமில்லை, சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறாளாம். அர்த்தம் தெரியாமல் ராமப்பன், ‘கேட்கிறேன், கோபப்படவில்லை, இது என்ன?’ என்று எழுதினான். அதற்கு அவள், அதற்கு அவன் என்று போய்க்கொண்டே இருந்தது. நான் டைம் ஆபீசில் இருந்து பார்க்கிறேன், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கார்டு பஞ்ச் செய்ய ஆரம்பித்தார்கள்.

எங்கள் லைன் வீடுகள் மொத்தமும் வெள்ளைச்சாமியைத்தான் சரசம்மாவுக்கு முடிபோட்டு வைத்திருந்தது. அதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. மனிதர் மலைக்குப் போய்வந்து, மாலையைக் கழற்றி, சாத்தூர்ப் பக்கமே பெண் பார்த்துக் கட்டிக்கொண்டு, மாற்றல் வாங்கிக் கிருஷ்ணகிரி குடோனுக்குப் போய்விட்டார். தை பிறந்ததும் சரசம்மாவுக்கு வேலை நிரந்தரமானது. சித்திரையில் பேரிகையில் ராமப்பனுக்கும் அவளுக்கும் கல்யாணம். பத்திரிகையே இரண்டு பாஷையில். கேன்டீன் வேலையை விட்டுப் பாகலூர் ரோட்டில் சொந்தமாக மெஸ் போட்டிருந்த திம்மராயன்தான் சமையல். பந்தியில் வெள்ளைச்சாமி என் பக்கத்து இலை. சாரு வந்தது.

“எப்படி சார்?” என்று ராமப்பன் ஓடிவந்தான்.

“எது? நானா, ரசமா?” என்று கேட்டுக்கொண்டுதான் பதில் சொன்னார் மனிதர். கெட்டியாம்.