ஸ்ரீசூர்ணம் வைத்த காயம்

சவரக் கண்ணாடியில் சடகோபன் முதலில் தேடியது முகத்தை அல்ல, காயத்தை. இடது தாடையின் விளிம்பில், ஒரு நெல்மணி நீளம். நேற்று காய்ந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. இப்போது விரல் பட்டதும் ஓரம் பிளந்து உள்ளே ஈரம் மினுக்கியது. போச்சு! இன்றைக்கென்று பார்த்தா? இன்றைக்குத்தான் கம்பெனிக்கு டாக்டர் வருகிறார்.

தீபாவளிக்கு முன்னால் பட்ட காயம். பட்டாசுக் குப்பையை வாரிக் கொட்டியாயிற்று, கார்த்திகை விளக்கை ஏற்றி இறக்கியாயிற்று, மார்கழி பிறந்து கோயில் ஒலிபெருக்கி விடியலுக்கு முன்பே ஊரை எழுப்ப ஆரம்பித்துவிட்டது. இது மட்டும் ஆற மாட்டேன் என்கிறது. படிகாரம் தேய்த்தான், தேங்காயெண்ணெய் தடவினான். அமாவாசைக்கு மனைவி அம்புஜவல்லி அவனையும் கூட்டிக்கொண்டு போய்க் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தாள். வெல்லம் கரைகிற மாதிரி வியாதி கரையும் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் திருவள்ளூருக்கு வருகிறார்கள், உள்ளூர்க்காரனுக்குக் கரையாதா?

அவன் மடப்பள்ளியில் வளர்ந்தவன். பாகு கம்பிப் பதமா, உருட்டுப் பதமா என்பதைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். கொதி எழும்பும் அழகை வைத்தே சொல்லிவிடுவான். அந்தக் கண்ணுக்காகத்தான் கும்மிடிப்பூண்டியில் இருமல் சிரப் காய்ச்சும் கம்பெனி அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டது. மடப்பள்ளி முறையை அண்ணன் குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினான். கம்பெனியில் ஒரே ஒரு தொல்லை. தினமும் மழித்த முகத்தோடு வர வேண்டும். அவன் வீட்டில் வெள்ளிக்கிழமை யாரும் முகத்தில் கத்தி வைத்ததில்லை. முதன்முதலாக ஒரு வெள்ளிக்கிழமை வைத்தான், வெட்டிவிட்டது.

காயம் பட்டவன் மடப்பள்ளி அடுப்பண்டை போகக் கூடாது. கம்பெனியிலும் அதே சட்டம்தான். புண் ஆறும்வரை பாய்லர் பக்கம் வராதே என்று அவனை கோடவுனுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் பார்த்து 'சரி' என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். போன இரண்டு தடவையும் டாக்டர் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பாட்டில் கொண்டுவரச் சொன்னார். இரண்டு தடவையும் மறந்துவிட்டதாகச் சொன்னான்.

மறக்கவில்லை. அவன் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கால் விரலில் ஓர் ஆணி. ஆறிடும், ஆறிடும் என்றார். கடைசியில் சென்னை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சர்க்கரை வியாதி. அந்த வார்த்தையைச் சடகோபன் மனசுக்குள்கூட முழுசாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு வந்தான். அம்புஜவல்லி டப்பாவோடு காத்திருந்தாள். நெற்றியின் நடுக்கோட்டுக்கு இடும் அதே ஸ்ரீசூர்ணம். நீரில் குழைத்துத் தாடையில் சிவப்பாகத் தடவினாள்.

"மஞ்சள்தானேன்னா. அதுவும் பெருமாள் சன்னிதியிலேர்ந்து வந்தது. இதைவிட மருந்து உண்டா?"

எரிந்தது. பொறுத்துக்கொண்டான். தினமும் எரியும், தினமும் பொறுத்துக்கொள்வான்.

அப்புறம் காபி கொண்டுவந்தாள். டம்ளரை அவன் கையில் கொடுக்காமல், ஏதோ தவறிப் பட்டது போல அவன் தாடையில் ஒற்றினாள்.

"ஐயோ! சுடறதுடி!"

"சுடறதா? நன்னா சுடறதா? அந்த இடத்துலேயேவா?"

அவள் கண்ணில் சட்டென்று நீர் கட்டியது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை நாளாக இவள் பயந்தது பெருவியாதிக்கு, குஷ்டத்துக்கு! சூடு தெரிகிறதா, உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே காயத்தை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பயம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"தேவலையாயிடும்னா," என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய பயம் தீர்ந்துவிட்டது. அவனுடையதை அவளிடம் எப்படிக் கொடுப்பது? காபியைக் குடித்தான். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர். இன்னொரு சொம்பு.

பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் வரதன் இடம் போட்டு வைத்திருந்தான். கோடவுனில் மூட்டை அடுக்குகிறவன். வாய் சும்மா இருக்காது.

"இன்னா சாமி, நெத்தியில நாமம் பத்தாதுன்னு இன்னிக்கும் தாடையில நாமமா? ஊட்ல மாமி நகத்தால போட்டாங்களா?"

"சும்மா வாடா."

"கோச்சுக்காத சாமி. இன்னிக்கு டாக்டரு ஓகேன்னாருன்னா நீ பர்மனென்ட்டு. எனக்கு நாஷ்டா வாங்கிக் குடுக்கணும், ஆமா. ஜன்னலாண்ட உக்காரு, காத்து வரட்டும். இன்னாத்துக்கு இப்டி வேர்க்குது ஒனக்கு?"

மார்கழிக் காற்று சில்லென்று அடித்துக்கொண்டிருந்தது. கவரைப்பேட்டையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒவ்வொரு பெட்டியாக ஊர்ந்தது. அது முடியாமல் போய்க்கொண்டே இருக்கட்டும் என்று சடகோபன் வேண்டிக்கொண்டான். முடிந்துவிட்டது.

கம்பெனி டிஸ்பென்சரியில் டாக்டர் இன்னும் வரவில்லை. நர்ஸ் விக்டோரியா மட்டும் இருந்தாள். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தாடையைத் துடைத்தாள். பஞ்சு சிவந்தது. வேறு பஞ்சு எடுத்தாள். அதுவும் சிவந்தது. அவள் முகம் ஒரு கணம் மாறியது.

"ரத்தம் இல்லியே... இன்னா சார் இது, குங்குமமா?"

"ஸ்ரீசூர்ணம்மா. நெத்திக்கு இட்டுக்கறது. வெறும் மஞ்சள்தான்."

"வெறும் மஞ்சள் எங்கியாச்சும் செவப்பா இருக்குமா சார்? சுண்ணாம்பு சேந்தாதானே செவக்கும்? ஆரத்திக்கு கரைக்கிறாங்களே, கெறிஸ்டியன் எனக்கே தெரியுது."

சடகோபன் வாயைப் பிளந்தான். தெரியாதா அவனுக்கு? மடப்பள்ளிக்குப் பக்கத்து அறையில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து இடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன்தானே! பெருமாள் பெயரோடு டப்பாவில் வந்ததும் அது மருந்தாகிவிட்டது.

"தெனத்துக்கும் புண்ணு மேல சுண்ணாம்பத் தடவிகினு, ஆறலே ஆறலேன்னா எப்டி சார் ஆறும்?" விக்டோரியா சிரித்தாள். "நல்லா பேஜார் பண்ணீங்க போங்க."

அவனும் சிரித்தான். சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது, நிற்கவில்லை. தீபாவளியிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் புரண்டு விழுந்தது. அப்பாவுமில்லை, ஆணியுமில்லை; சுண்ணாம்பு! வெறும் சுண்ணாம்பு! சாயங்காலம் அம்புஜத்திடம் சொல்ல வேண்டும். வரதனுக்கு நாஷ்டா வாங்கித் தர வேண்டும். மூலையில் இருந்த பானையில் மொண்டு கடகடவென்று குடித்தான். இன்னொரு டம்ளர். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மொண்டான்.

விக்டோரியாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"எப்பவும் இவ்ளோ தண்ணி குடிப்பீங்களா சார்?"

"பாய்லர் சூடும்மா. அங்கே நின்னு நின்னு பழகிடுத்து."

"இப்போ நீங்க கோடவுன்லதானே கீறீங்க?"

டம்ளர் உதட்டருகே நின்றது. பாய்லரை விட்டுத் தள்ளி எத்தனை நாளாயிற்று. தாகம் மட்டும் தள்ளிப் போகவில்லை. பகலில் கோடவுன் பின்பக்கம் எத்தனை நடை, விடிவதற்குள் கொல்லைப்பக்கம் எத்தனை நடை. எல்லாவற்றையும் அவன் பாய்லர் தலையில் போட்டிருந்தான்.

அவள் ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இந்தத் தடவை மறக்க முடியாது.

அவன் திரும்பி வந்தபோது ஸ்பிரிட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அவன் கொடுத்ததில் சில சொட்டு விட்டு, இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டினாள்.

"உக்காருங்க சார். நீலம் நீலமாவே இருந்துச்சுன்னா, காயத்துக்கு மருந்து போட்டுக்கினு ஜம்முனு போய்க்கினே இருங்க."

"இல்லேன்னா?"

"பச்சையாவும். அப்பால மஞ்சளு. சக்கர ஜாஸ்தி இருந்தா செங்கல்லு கலரு."

மஞ்சள். சிவப்பு. தட்டில் கிடந்த பஞ்சைப் பார்த்தான். அவன் உட்காரவில்லை. எத்தனையோ அண்டாக்களின் முன்னால் நின்ற அதே நிற்பில், ஒரு காலை முன்வைத்து, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான். கொதி எழும்பும் அழகிலேயே பதம் சொல்லும் கண் அது. ஒருநாளும் தவறியதில்லை. குழாயின் அடியில் முதல் குமிழி கிளம்பியது. அதன் பின்னாலேயே இன்னொன்று. குளத்துப் படியில் அம்புஜம் நழுவவிட்ட வெல்லக்கட்டி தண்ணீருக்கடியில் கலங்கலாக ஒரு நூல் விட்டதே, அதைப் போல நீலத்துக்குள் பச்சையாக ஏதோ ஒன்று நெளிந்தது. விளக்கின் சுடரா, ஜன்னல் வெயிலா? சடகோபன் இன்னும் கிட்டே குனிந்தான். தாடையில் காயம் எரிந்தது. குழாய் கொதித்து மேலே எழும்பியது.